சராசரி சாரும் ஆயிரத்து நூறு கிராமும்

திருவண்ணாமலையில் எந்த வீட்டுக் குழந்தை தும்மினாலும், ஜுரம் வருவது சராசரி சாருக்குத்தான். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதிய கிளார்க் அவர். ஊராரின் சராசரி ஆயுளைத் தாமே தாங்கிப் பிடித்திருப்பதாகவும், கொஞ்சம் அசந்தால் அது பொத்தென்று விழுந்துவிடும் என்றும் நம்பியவர். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

எங்கள் தெருவில் தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவர் போனபோது சராசரி சார் மாலையும் கையுமாக வந்தார். அழுதுகொண்டிருந்த மகனின் தோளைத் தட்டினார்.

"அழாதீங்க. இவரால ஊர் சராசரிக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

மேளம் நின்றுவிட்டது. மகன் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் நான் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தப்பித்தேன். வழியெல்லாம் எனக்குப் பாடம்.

"பத்து பேர்ல ஒரு பெரியவர் எம்பதுக்குப் பதிலா எழுவத்தொம்போதுல போனாருன்னு வைங்க. சராசரியில ஒரு மாசம் சொச்சம்தான் கம்மி ஆவும். அதே ஒரு கொழந்த பொறந்த அன்னிக்கே போச்சுன்னா? மீதி ஒம்போது பேரும் எம்பது வரைக்கும் இருந்தாலும் சராசரி எழுவத்திரெண்டுதான். எட்டு வருஷம் போச்சு சார்! அத யார் தர்றது?"

அந்த எட்டு வருஷம் அவரைத் தூங்கவிடவில்லை. மூடாத தண்ணீர்த் தொட்டியைக் கண்டால், வீட்டுக்காரரைக் கேட்காமலே மூடியைப் போட்டு மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிடுவார். ஹெல்மெட் இல்லாமல் பறக்கும் பையன்களுக்குப் பின்னால், "அறுவது வருஷத்த எடுத்துனு போறான், பிடிங்க!" என்று ஓடுவார். திருடன் என்று நினைத்துக் கூட்டமும் ஓடும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் நின்று, கைக்குழந்தையோடு வருகிற வெளியூர்க்காரர்களிடம் தடுப்பூசி அட்டை கேட்பார்.

"வெளியூர்க் கொழந்த உங்க கணக்குல வராதே சார்?" என்று கேட்டேன்.

"இங்க போச்சுன்னா நம்ம ரிஜிஸ்தர்லதான் எழுதணும்" என்றார்.

ஊரோடு சேர்ந்து நானும் சிரித்தேன், என் மகள் ஏழாம் மாதத்தில் பிறக்கும்வரை. ஆயிரத்து நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விடுகிறாளா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் சராசரி சார் நின்றிருந்தார். லீவு போட்டுவிட்டாராம். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம், "சிஸ்டர், எவ்ளோ கிராம்?" என்று மட்டும் கேட்டார். ஆயிரத்து எண்பது என்றால் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்துவிடுவார். ஆயிரத்து நூற்றிருபது என்றால் எனக்கு டீ வாங்கித் தருவார். முப்பத்தெட்டு நாள் இப்படியே போனது. முதலில் அவரை விரட்டிப் பார்த்த செக்யூரிட்டிகூடக் கடைசியில் எடை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பயமா இருக்கு சார்" என்றேன் ஒருநாள்.

"எனக்குந்தான்" என்றார். அன்று கணக்கு எதுவும் சொல்லவில்லை.

மகளுக்கு இப்போது பத்து வயது. போன வாரம் சராசரி சாருக்கு நெஞ்சடைப்பு. ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும்போது எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி விரட்டினார்.

"அறுவத்தேழு வயசாச்சு. நான் போனா சராசரியில பெருசா ஒண்ணும் கம்மி ஆவாது. பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்குல்ல, போங்க!"

போகவில்லை. நாலு மணி நேரம் அதே மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்ததும், நான் எழுந்திருப்பதற்குள் மகள் ஓடினாள். தான் பிறந்த கதையை நாங்கள் சொல்லி நூறு முறை கேட்டவள் அவள்.

"சிஸ்டர், எங்க சராசரி தாத்தா எவ்ளோ கிராம்?"

நர்ஸ் விழித்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அறுவத்தெட்டு கிலோம்மா. ஆபரேஷன் முடிஞ்சுது, இன்னும் கண்ணு முழிக்கல."

அதில் ஒரு கிராம் குறைந்தாலும் எங்கள் வீடு தாங்காது.