மதில் தாண்டிய ஈஸ்ட்

நாற்பது பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்தும் இருபது வகை ஈஸ்ட்தான் தேறியது. அதுவும் எப்படி? மதிலுக்கு இந்தப் பக்கம், காரில் வந்து இறங்கும் பிள்ளைகளின் பள்ளியில் ஒன்று இருந்தால், அந்தப் பக்கத்து இலவசப் பள்ளியிலும் அதே ஒன்று. மரபணுக் கோடுகள் அச்சு அசல்.

வீட்டு வசதி மாறினால் பிள்ளைகளின் வாயில் குடியிருக்கும் ஈஸ்ட்டின் மரபணுவும் மாறுமா என்பதுதான் ஆராய்ச்சி. செய்கிறவளுக்கு ஆய்வுக்கூடத்தில் 'இன்னொருதரம்' என்று பெயர். வீட்டைப் பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுகிறவள்.

"குழாயை மாத்தி வச்சிருப்பே," என்றார் பேராசிரியர். "இது உருப்படலேன்னா உன் வேலை இந்த மாசத்தோட சரி. நான் என்னன்னு சிபாரிசு பண்றது?"

அவளுக்கும் தன் மேல்தான் சந்தேகம். மறுபடி போனாள். ஒரு பள்ளியின் குழாய்களுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி. அந்தந்தப் பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில் அவள் உட்கார, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, சட்டையில் குத்திய எண்ணைக் காட்டி, "ஆ" என்றார்கள். நாக்கில் பஞ்சுக்குச்சியைத் தடவிக் குழாயில் போட்டாள்.

மறுபடியும் இருபது ஜோடி!

"கையுறைல ஒட்டியிருக்குமோ சார்?"

"உன் தலைல ஒட்டியிருக்கு. போ, கடைசியா ஒரு தரம்!"

மூன்றாம் முறை ஒரு பள்ளிக்குத் திங்கட்கிழமை, மற்றதற்கு வியாழக்கிழமை. பிள்ளைக்கொரு கையுறை. இரண்டு நாளும் தலைக்குக் குளியல் வேறு. திரையில் முடிவு வந்தபோது அவள் விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தாள். கோட்டின் மேல் கோடு, மயிரிழையும் பிசகவில்லை.

பேராசிரியர் துள்ளி எழுந்தார். நாற்காலி மல்லாந்தது.

"அடி அசடே! மூணு தரமும் வந்தா அது தப்பில்லம்மா, கண்டுபிடிப்பு! மதில் கட்டி மனுஷனைப் பிரிச்சோம், ஈஸ்ட் அதை ஒரு பொருட்டாவே மதிக்கலை பார்! நாளைக்கு மாநாட்டுல நீதான் பேசறே. வேலையா? உனக்குத் தனி ஆய்வுக்கூடமே வாங்கித் தரேன்!"

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கை நிறைய வண்ணப் பென்சில்களை வாங்கிக்கொண்டு இலவசப் பள்ளிக்கு ஓடினாள். வாசலில் கயிறாடிக்கொண்டிருந்த சிறுமியைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க வாயில இருக்கறதும் பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்க வாயில இருக்கறதும் ஒண்ணுதான்டி கண்ணு! நாளைக்கு ஊரே கைதட்டப் போகுது!"

சிறுமி ஒரு பச்சைப் பென்சிலை உருவிக்கொண்டாள்.

"பின்ன என்னக்கா? அவங்களுக்குத்தான் குச்சின்னா பயமாச்சே, அவங்க சட்டைய வாங்கி மாட்டிக்கிட்டு அங்கயும் நாங்கதான வந்து ஆ காட்டினோம், நீங்கதான் ஒரு தரம்கூட எங்க மூஞ்சிய நிமிந்து பாக்கலியே!"