அவரக்கா பொரியலும் என் மூக்கும்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேல ஒண்ணே ஒண்ணு. அவரக்கா பொரியல்.

எழுபத்தெட்டோ ஒம்பதோ, ஆண்டிமடத்துக்கு நான் வாக்கப்பட்டு வந்த புதுசு. பொறந்தது குன்னம் பக்கம். எங்கூர்ல பொரியல்னா கைநெறைய சின்ன வெங்காயத்த அள்ளிப் போடுவோம். வெங்காயம் போடாத பொரியல ஒருதடவ பாத்துட்டு எங்கப்பா, “இன்னைக்கு யாருக்குத் தெவசம்?”னு கேட்டவரு! சரி, அத வுடுங்க.

என் நாத்தனா செல்வியப் பொண்ணு பாக்க வராங்க. முன்னாடி வந்தவங்கல்லாம் காப்பியக் குடிச்சிட்டு, “போயி சொல்லி அனுப்புறோம்”னு போனவங்கதான். சொல்லியும் அனுப்பல. சம்மதமில்லாத வூட்ல ஒரு வாய் சோறு திங்க மாட்டாங்கல்ல? கை நனச்சா சம்மதம்னு அர்த்தம். ஆனாலும் எங்க அத்த ஒவ்வொரு தடவயும் நம்பிக்கையா சமைப்பாங்க. மிஞ்சுனத நாங்க திம்போம்.

காலையிலயே சொல்லிட்டாங்க. “புள்ள, பச்ச முந்திரிய உரிச்சு அவரக்காயில போடு. வர்றவங்க அசந்துடணும்.”

முந்திரிக்கொட்டைக்குப் பக்கத்துல ஒரு கொட்டாங்குச்சியில சாம்பல் இருந்துச்சு. பாத்திரம் தேய்க்கிற சாம்பலுக்கு இங்க என்ன வேல? நான்தான் பெரிய சுத்தக்காரியாச்சே, கொண்டுபோயி குப்பையில கொட்டிட்டேன்!

அருவாமனையில கொட்டயப் பொளந்தேன். பால் வடிஞ்சுது. வேர்த்துச்சு, தொடச்சேன். மூக்கு அரிச்சுது, சொறிஞ்சேன்.

மத்தியானத்துக்குள்ள மூக்கு கத்திரிக்கா ஆயிடுச்சு! ஒதடு ரெண்டும் உளுந்து வட. கையெல்லாம் கருத்து எரியுது.

அத்த பாத்துட்டு நெஞ்சுல கைய வச்சாங்க. “அடிப்பாவி! சாம்பலத் தொட்டுக்காம யாருடி முந்திரி உரிப்பா? அந்தப் பாலு பட்டா தோலு வெந்துடுமேடி!”

“எங்கூர்ல வெங்காயம்தான் அத்த உரிப்போம்...”

“வாய மூடு! அடுப்படிய வுட்டு வெளிய வந்துடாத!”

தேங்காண்ணயத் தடவி வுட்டுட்டு வாசலுக்கு ஓடுனாங்க. வண்டி வந்துடுச்சு.

நான் பாட்டுக்கு அடுப்படியில பொரியலக் கிளறிட்டிருக்கேன். மாப்ளையோட அம்மா, முந்திரிக்காட்டு வரதராஜன்பேட்டக்காரம்மா, தண்ணி குடிக்க நேரா உள்ள வந்துட்டாங்க. என்னப் பாத்ததும் சொம்பக் கீழ போட்டுட்டாங்க.

“ஏங்க... இதுதான் பொண்ணா?”

“ஐயய்யோ! இது மருமவங்க!”ன்னு அத்த அலறிக்கிட்டு வந்தாங்க.

அந்தம்மா என் கையத் திருப்பிப் பாத்தாங்க. சிரிப்பு வந்துடுச்சு. “முந்திரிப் பாலா? எந்தூரு புள்ள நீ?”

“குன்னங்க.”

“அதான பாத்தேன்! நவுரு.”

பட்டுச்சேலைய இடுப்புல சொருவிக்கிட்டு, அடுப்புச் சாம்பல அள்ளிக் கையில பூசிக்கிட்டு, மிச்சக் கொட்டய உரிச்சுத் தள்ளுனாங்க. கையக் கழுவி, பருப்ப வெந்நீர்ல அலசி, பொரியல்ல போட்டு வேகவிட்டுத் தேங்காப்பூவும் தூவுனாங்க. அப்புறம் பழக்கதோஷம், துளி எடுத்து உள்ளங்கையில வச்சு வாயில போட்டாங்க.

“உப்பு பத்தல.”

அத்த ஒரே கத்து. “கை நனச்சுட்டீங்க சம்பந்தி!”

அந்தம்மா மென்னுக்கிட்டே முழிக்கிறாங்க. “உப்புதானங்க பாத்தேன்!”

“எங்கூர்ல அதுவும் சாப்பாடுதாங்க!”ன்னேன் நான்.

கூடத்துல செல்வி குடுத்த காப்பியக் குடிச்சிட்டிருந்த மாப்ள எட்டிப் பாத்தாரு. “வுடும்மா, எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. பசிக்குது, எலயப் போடச் சொல்லு.”

இப்பவும் வூட்டுக்காரரோட சண்டன்னா செல்வி எனக்குத்தான் போன் போடுவா. “ஏன் அண்ணி, அன்னைக்கு அந்தச் சாம்பலக் கொட்டாம இருந்திருக்கக் கூடாதா?”