ஆதாமுக்கு மூத்த குளவி

பெங்களூர் அல்சூரில் கடவுளை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட ஒரே மனிதர் குளவிதான். பதில் சொல்லி முடிக்கும்வரை கடவுளும் உட்கார்ந்திருக்கமாட்டார் என்பது என் கணிப்பு.

அவர் கோலார் தங்கவயல்காரர். ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் அட்டெண்டர். சட்டைப் பையில் தீப்பெட்டி, அதற்குள் குளவிக்கூடு; அதனால் எல்லாருக்கும் அவர் குளவி. ஒரு ஞாயிறு பூசை நடுவே பெட்டி திறந்துகொண்டு, குளவி பாட்டுக்குழுத் தலைவரின் காதில் கொட்டியது. அன்று அவர் எட்டிய சுருதியை அதன்பின் எந்தத் திருநாளிலும் எட்டவில்லை.

குளவி வரும்வரை, பூசைக்குப் பிந்தைய எங்கள் ஞானோபதேச வட்டத்தில் நான்தான் பெரிய ஆள். உலகில் துன்பம் ஏன் என்பதற்குப் பதினான்கு பதில்களை எண் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். "சார், உங்க நோட்ட எடுங்க" என்பார் பங்குச் சாமியார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆறு நாள் காத்திருப்பேன்.

குளவி முதல் நாளே எழுந்து நின்றார்.

"சாமி, குளவி புழுவக் கொட்டி மரத்துப்போகப் பண்ணுது. கூட்டுக்குள்ள வெச்சுப் பூசிடுது. அதோட குஞ்சு அந்தப் புழுவ உயிரோட தின்னுது. ஏன் சாமி?"

நான் முந்திக்கொண்டேன். "மூணாவது பதில். ஆதாம் செஞ்ச பாவம்."

"ஆதாமுக்கு எத்தனையோ லட்சம் வருஷம் முந்தியே குளவி இருக்குது சார். கல்லுல அச்சு கிடைச்சிருக்கு. அப்ப அந்தப் புழு யார் பாவத்துக்குப் பேஜாரு படுது?"

சாமியார் என் நோட்டை மூடிவைத்தார். அடுத்த வாரம் அவரே ஒரு பதிலோடு வந்தார்.

"உலகம் இன்னும் படைச்சு முடியலப்பா. பிரசவத்துல இருக்கு. வலி இல்லாத பிரசவம் ஏது?"

"வலி தாய்க்குன்னா சரி சாமி. புழுவுக்கு எதுக்கு?"

சாமியார் வெகுநேரம் அவரையே பார்த்தார். என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, அந்தக் கேள்வியை நான் கேட்டதாக டைரியில் எழுதினேன். என் டைரியில் உள்ள ஒரே பொய் அது.

பிறகு என் வீட்டு ஜன்னலிலேயே ஒரு குளவி கூடு கட்டியது. இவர் தினமும் வந்து நின்று பார்த்தார். என் மனைவி ஸ்தெல்லா "அண்ணே" என்று கூப்பிட்டு அவருக்குச் சூடாகக் காப்பி கொடுத்தாள். எனக்கு மீதி.

"குளவி கூட்டோட வாய அடைச்சிடுச்சு சார். ஞாயித்துக்கிழமை சாமி முன்னாடி திறந்து, புழு உயிரோட இருக்குறதக் காட்டிடறேன்."

வட்டம் முழுவதும் என் வீட்டில் கூடியது. எட்டு வருடமாக அழைத்தும் வராத சாமியார், ஒரு புழுவைப் பார்க்க வந்தார்.

குளவி பிளேடை எடுத்தார். ஸ்தெல்லா கதவருகே வந்து நின்றாள். எங்களுக்கு மணமாகிப் பதினொரு வருடம். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்வார்கள் அல்லவா.

"அண்ணே, அத உடைக்காதீங்க."

குளவி அவளைப் பார்த்தார். பிளேடைத் தீப்பெட்டிக்குள் வைத்தார்.

"பழைய கூடு சாமி. உள்ள ஒண்ணும் இருக்காது. சார், நீங்க உங்க நோட்டப் படிங்க."

படித்தேன். நாலாவது பதிலில் சாமியார் கண்ணயர்ந்தார். குளவி மட்டும் பதினான்கையும் கைகட்டிக் கேட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு குளவி பறந்துபோனது. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

குளவி மாற்றலாகிப் போய் வெகுநாள் ஆகிறது. நேற்று அந்த டைரியைத் திருத்த எடுத்தேன். என் பெயரை அடித்தபின்தான் அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. சற்று யோசித்து, சிவப்பு மையில் எழுதினேன்: கேட்டவர், என் மைத்துனர்.