ப்ளஸ் இருபது

இந்த வருஷம் போனஸ் வந்ததும் புது கேமரா லென்ஸ் வாங்கியே தீர்வது என்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது எப்போதும் நான்தான். ரத்து செய்வது மட்டும் என் மனைவி சபீனா.

"இன்வெர்ட்டர்," என்றாள். திருநின்றவூரில் கரண்ட் போகும்போதெல்லாம் அவள் சொல்லும் வார்த்தை அது. அன்றைக்குக் கரண்ட் போகாமலே சொன்னாள்.

"நம்ம லென்ஸ் கெட்டுப்போச்சு சபீனா. உன் தங்கச்சி நிக்காஹ் ஃபோட்டோவைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். எங்கம்மாவும் பார்த்தாங்க."

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூந்தமல்லி மண்டபத்தில் என் மாமியார் பட்டுப்புடவையில் கம்பீரமாக நிற்கிறார். ஆனால் கலங்கலாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் இருந்த பிரியாணி தேக்சா மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. மூடியில் ஒட்டிய புதினா இலையைக்கூட எண்ணிவிடலாம். அன்றிலிருந்து மாமியார் என்னோடு பேசுவதில்லை. அதைப் பெரிய இழப்பென்று சொல்ல மாட்டேன்.

"அதுக்குப் பேரு பேக் ஃபோகஸ்," என்றேன். "நாம முகத்துல ஃபோகஸ் வெப்போம். லென்ஸ் அதைத் தாண்டிப் பின்னாடி போய் நிக்கும். தேஞ்சுபோன லென்ஸ் அப்படித்தான்."

"அப்படியா? ஞாயித்துக்கிழமை செக் பண்ணிடலாம். தப்பு லென்ஸுல இருந்தா லென்ஸ். இல்லேன்னா இன்வெர்ட்டர்."

செக் பண்ணுவதுதான் அவள் தொழிலே. சபீனா திருமழிசையில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். அங்கே எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் உண்டு. சரியாக இருந்தால் பச்சை. திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள், அதில் 'ரீவொர்க்' என்று போட்டிருக்கும். தேறாது என்றால் சிவப்பு. கீழே அவள் கையெழுத்தும் அடுத்த பரிசோதனைத் தேதியும். எங்கள் வீட்டில் அரிசி அளக்கும் டம்ளருக்குக்கூடப் பச்சை ஒட்டியிருக்கிறாள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். லென்ஸ் மேல் எந்தத் தப்பும் இல்லை. படம் எடுத்த நேரத்தில் என் மனசு தேக்சாவில் இருந்தது. ஃபோகஸும் கூடவே போய்விட்டது.

ஆனால் கேமரா மெனுவில் ஒரு மூலையில், ஃபோகஸைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வைக்க ஓர் இடம் உண்டு. மைனஸ் இருபதிலிருந்து ப்ளஸ் இருபது வரை. லென்ஸில் சின்னக் கோளாறு இருந்தால் சரிசெய்துகொள்ள, நல்ல எண்ணத்தில் வைத்தது. சனிக்கிழமை சபீனா ஷிஃப்டுக்குப் போனதும் அதை ப்ளஸ் இருபதில் வைத்தேன். இனி எதைப் படம் பிடித்தாலும் அதன் முதுகுக்குப் பின்னால்தான் ஃபோகஸ் விழும்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜை பரிசோதனைக் கூடமானது. ஓர் அட்டையை நேராக நிறுத்தினாள். பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலைச் சாய்த்து வைத்தாள். அட்டைக்கு நேராகப் பூஜ்யம். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, அட்டையில் ஃபோகஸ் வைத்துப் பத்துப் படம் எடுக்கச் சொன்னாள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸைத் திருகி ஃபோகஸைக் கலைத்துவிட்டாள். எல்லாப் படத்திலும் பூஜ்யம் கலங்கல். மூன்று சென்டிமீட்டர் பின்னால்தான் தெளிவு.

"பத்துமே மூணு," என்றாள்.

"நான்தான் சொன்னேனே."

"ஆமாங்க. இதைச் சரி பண்ண கேமராவுல ஏதாச்சும் செட்டிங் இருக்குமா?"

"இந்த மாடல்ல கிடையாது."

"சரி, கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க."

வெற்றியோடு கடைக்குப் போனேன். தனியாக வந்திருந்தால் பிழைத்திருப்பேன். கறிவேப்பிலையோடு எதிர்வீட்டுத் திருவேங்கடத்தையும் கூட்டிவந்தேன். நான் ஜெயிப்பதைப் பார்க்க ஒரு சாட்சி வேண்டாமா?

"வாங்கண்ணே," என்றாள் சபீனா. "உங்க முன்னாடியே இன்னொரு பத்து எடுக்கச் சொல்றேன்."

எடுத்தேன். திருவேங்கடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராத் திரையில் பார்த்தார்.

"இன்னா பாய், சைபர்தான் பளபளன்னு கீது. எது கெட்டுப்போச்சுன்னு இட்டாந்த?"

பிடுங்கிப் பார்த்தேன். பத்துப் படத்திலும் பூஜ்யம் கத்தி மாதிரி நின்றது.

"அது எப்படி? நான் ப்ளஸ் இருபதுல இல்ல வெச்சிருந்தேன்?"

சொன்னது யார் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. குரல் என்னுடையதாகத்தான் இருந்தது.

திருவேங்கடம் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "நீயேவா வெச்ச? நான் வரேன் பாய். ஊட்ல வேலை கீது."

அவர் போனதும் சபீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தேஞ்ச கருவி ஒரு தடவை ரெண்டு காட்டும், ஒரு தடவை நாலு காட்டும். இது பத்து தடவையும் மூணு. இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண ஒரு ஆள் வேணுங்க. நீங்க கடைக்குப் போனப்ப மெனுவுல தேடினேன். அஞ்சு நிமிஷத்துல கிடைச்சுது. பூஜ்யத்துக்கு மாத்தி வெச்சுட்டேன்."

"அப்போ நிக்காஹ் படம்?"

பழைய கார்டைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினாள். படம் எடுத்தபோது ஃபோகஸ் எங்கே வைத்தேன் என்பதைக் கேமரா குறித்து வைத்திருந்தது. மாமியாருக்கு அரையடி தள்ளி, தேக்சா மூடியின் நட்டநடுவில் ஒரு சிவப்புக் கட்டம்.

வெட்கமாகத்தான் இருந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாதே," என்றேன்.

"சொல்ல மாட்டேன்," என்று சிரித்தாள். லென்ஸுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள். போகிறபோக்கில் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று நெகிழ்ந்துபோய், இன்வெர்ட்டருக்கு நானே கடை விசாரிக்கக் கிளம்பினேன்.

ஸ்டேஷன் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் என்னைப் பார்த்துச் சிரித்த முகமாகவே வழியனுப்பினார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் அதன் முதுகில் மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தேன். ரீவொர்க். கீழே சபீனாவின் கையெழுத்து. அடுத்த பரிசோதனை: அடுத்த போனஸ்.