கரண்ட் பில்லில் இல்லாத மனிதன்

ஐயா, நீர் யாரென்று எனக்குத் தெரியாது. பிரான்சில் வந்து குடியேறும் ஆங்கிலேயர்களுக்கு நடைமுறை யோசனை சொல்கிறேன் என்று கையடக்கமாக ஒரு புத்தகம் போட்டீர். அட்டையில் பெயரைப் போடாமல் தப்பித்துக்கொண்டீர். ஆனால் முப்பத்தேழாம் பக்கத்தில் நீர் எழுதியதற்கு நீர்தான் பொறுப்பு. ‘கணவன் மனைவி இருவரில் யாருக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வருமோ, அவர் பெயரிலேயே மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். தலைவலி குறையும்.’

குறைந்தது ஐயா. தலைவலியோடு சேர்ந்து நானும் குறைந்துவிட்டேன்.

என் பெயர் நெவில் ஸ்டப்ஸ். வால்சால் சந்தையில் முப்பத்தொரு வருஷம் கம்பளம் விற்றவன். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் பெருமூச்சு விட்டது. மழையில் நின்று, ஏமாந்து, அடிபட்டு, அப்புறம் ஏமாற்றாமலே ஜெயிக்கக் கற்றுக்கொண்டேன். என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர் அந்தச் சந்தையில் கிடையாது. கோபம் கொஞ்சம் வரும். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். மற்றவர்கள் வேறு அளவு சொல்வார்கள்.

உம்முடைய யோசனையைப் படித்ததும் எனக்கு ஒரே குஷி. பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்க வேண்டும். அவர்தான் வரிசையில் நிற்க வேண்டும். என் மனைவி பெவர்லி பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். “எல்லாம் உன் பேர்லயே இருக்கட்டும் பெவ், உனக்குத்தான் இதெல்லாம் கௌரவமா இருக்கும்” என்று வள்ளல் மாதிரி சொன்னேன். அவள் மறுவார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டாள். பேரம் பேசாமல் ஒத்துக்கொள்கிற ஆளைப் பார்த்தால் உஷாராக வேண்டும் என்று சந்தையில் பத்துத் தடவை பட்டிருக்கிறேன். அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. மறந்துவிட்டேன்.

இப்போது வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கம்பளம் ஏற்றிய அதே பழைய வேன். இங்கிலாந்திலிருந்து அதில்தான் சாமான்களோடு வந்து இறங்கினோம். எங்கள் வீட்டுக் கொட்டகையின் நடுவில் அதை ராஜா மாதிரி நிறுத்தியிருந்தேன். அந்தக் கொட்டகை மேல்தான் பெவர்லிக்குக் கண். வசந்தம் பிறந்ததுமே ஊர்ப் பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டாள். இருபத்திரண்டு பேர். ஊர்ச் சர்ச்சுக்குள் பயிற்சி செய்தால் குளிரில் பல்லும் சேர்ந்து தாளம் போடுகிறதாம். நம் கொட்டகையில் குரல் அற்புதமாக ஒலிக்கிறதாம். வேன் அங்குலம்கூட நகராது என்று சொல்லிவிட்டேன். சொன்னேனா, கத்தினேனா என்பதில் எங்களுக்குள் இன்னமும் கருத்து வேறுபாடு உண்டு.

அந்தச் சமயத்தில் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். மாதக் கடைசிக்குள் வேனுக்குப் பிரெஞ்சு நம்பர் வாங்காவிட்டால் காப்பீடு கிடையாது. பெவர்லி அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“காப்பீடு இல்லாத வண்டி ரோட்டுல போகாது. ரோட்டுல போகாத வண்டி எதுக்கு? காயலான் கடைக்காரனுக்குப் போன் பண்ணிடறேன்.”

“மாசக் கடைசி வரைக்கும் போனைத் தொடாதே” என்றேன்.

மறுநாளே பக்கத்து டவுனில் வண்டிப் பதிவு செய்து தரும் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் விஷயத்தை ஆரம்பித்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள், மதாம் வேர்னோல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் பேசி முடித்தேன். அவள் துடைத்தாள். மறுபடி பேசினேன். மறுபடி துடைத்தாள். எட்டு மாதமாக இந்த நாட்டில் இருந்தும் இந்த ஒரு விஷயம் எனக்கு வராது. வெளியே போய், மறுபடி உள்ளே வந்து, “போன்ஜூர் மதாம்” என்று முதலில் வணக்கம் சொன்னேன். கண்ணாடி மூக்குக்கு ஏறியது. அப்போதுதான் நான் அவள் கண்ணுக்கே தெரிந்தேன்.

நாலு காகிதம் கேட்டாள். நான் சந்தை வழக்கப்படி இரண்டு தருகிறேன், மூன்றில் முடித்துக்கொள்ளலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது காகிதம் வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. நாலாவது, நான் இந்த ஊரில் வசிப்பதற்கு அத்தாட்சி. என் பெயர் போட்ட சமீபத்திய கரண்ட் பில். தண்ணீர் பில்லும் ஆகும். தொலைபேசி பில்லும் ஆகும்.

எல்லாம் யார் பெயரில் இருக்கிறது என்று உமக்கே தெரியும் ஐயா.

வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேஜையில் போட்டேன். வக்கீல் முத்திரை, ரிப்பன், இருவர் கையெழுத்து. அவள் தேதியைப் பார்த்தாள்.

“இதுல நீங்க வீடு வாங்கினது தெரியுது மொசியே. அதுல இருக்கறது தெரியல.”

“பாதி வீடு என்னோடது, மதாம்.”

“அந்தப் பாதியில நீங்கதான் இருக்கீங்கன்னு யார் சொல்றது?”

நான்தான் சொல்கிறேன், இதோ நிற்கிறேன், வேண்டுமானால் கிள்ளிப் பாருங்கள் என்றேன். கிள்ளுவதற்குப் படிவம் இல்லை என்றாள். பில் இல்லாதவர்களுக்கு ஒரே வழிதான். பில் யார் பெயரில் வருகிறதோ அவர், ‘இன்னாரை என் வீட்டில் மூன்று மாதத்துக்கு மேலாகத் தங்க வைத்திருக்கிறேன்’ என்று கௌரவத்தின் மீது ஆணையிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்குள் மணி பன்னிரண்டு. பேச்சின் நடுவிலேயே விளக்கை அணைத்து, என்னையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

பெவர்லியிடம் போய், என்னைத் தங்க வைத்திருப்பதாக எழுதிக் கொடு என்று கேட்பதா? கொட்டகைக்குச் சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா? அவளுக்குத் தெரியாமலே முடிக்கிறேன் என்று ஸ்டியரிங் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மின்சாரக் கம்பெனிக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்தாள். கணக்கில் என் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றேன். கணக்குக்காரரைக் கூப்பிடச் சொன்னாள். கணக்குக்காரர் என் மனைவி, நான் அவள் கணவன் என்றேன். அப்படித்தான் நிறையப் பேர் சொல்கிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

அடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் வாத்து வளர்க்கும் மொசியே காஸ்தெல். ஓய்வு பெற்ற தபால்காரர், தங்கமான மனிதர். அவர் வீட்டில் நான் தங்கியிருப்பதாக ஒரு வரி எழுதித் தந்தால் ஆயுசுக்கும் அவர் வாத்துகளைத் திட்ட மாட்டேன் என்று பேரம் பேசினேன். அவர் ஒரு சின்னக் கிளாஸில் பிளம்ஸ் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: கௌரவத்தின் மீது பொய் எழுதினால் அவரை உள்ளே தள்ளுவார்கள், அதுகூடப் பரவாயில்லை, மதாம் ஸ்டப்ஸ் அவரிடம் பேச மாட்டாள், அதைத் தாங்க முடியாது. பெண்டாட்டியிடம் கொஞ்சம் இனிமையாகப் பேசிப் பார் என்றார்.

இனிமை. அது எனக்குத் தோன்றவே இல்லை பாரும்.

அன்று மத்தியானம் பெவர்லி சமையலறை மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். நாலு பட்டாணி உரித்தேன். பாவம், எட்டு மாதமாக எல்லா பில்லையும் நீயே சுமக்கிறாயே, என் மனசு கேட்கவில்லை, கரண்ட்டையாவது என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றேன். குரலில் தேன் ஒழுகியது. அவள் கை நிற்கவில்லை.

“மாத்தலாமே. பேர் மாறி பில் வர ஆறு வாரம் ஆகும். உனக்கு அவசரம் இல்லியே?”

“எனக்கென்ன அவசரம்.”

“மாசக் கடைசிக்கு ஒம்பது நாள்தான் இருக்கு.”

நான் ஒரு பட்டாணியைக் கீழே தவறவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கடியில் கொஞ்ச நேரம் இருந்தேன். அங்கிருந்தபடியே, பில் விஷயத்தை யார் சொன்னது என்று கேட்டேன். மதாம் வேர்னோல் வியாழக்கிழமைகளில் அவளுக்கு வலது பக்கம் நின்று பாடுகிறாளாம். நல்ல கனமான குரலாம். பத்து நாளாகவே தெரியுமாம்.

மேலே வந்தபோது பட்டாணிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் இருந்தது. அழகான பிரெஞ்சில், தேதி போட்டு, எழுதி முடித்த கடிதம். கையெழுத்து மட்டும் இல்லை.

சரி, பேரம்தானே. இது என் களம். சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

“கொட்டகை வியாழக்கிழமை மட்டும். அதுவும் பாதி. வேன் ஒரு ஓரமா நிக்கும்” என்றேன்.

அவள் காகிதத்தை இரண்டாக மடித்தாள்.

“முழு வியாழன். வேனைப் பின்னாடி சுவரோட ஒட்டி நிறுத்தறேன்” என்று இறங்கி வந்தேன்.

நாலாக மடித்தாள்.

“பெவ், நான் எழுந்து போயிடுவேன்.”

“வெளிய காத்தா இருக்கு. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போ.”

எழுந்து போனேன். மெதுவாக. பத்தாவது அடிக்குள் பின்னாலிருந்து கூப்பிட்டே தீருவார்கள், முப்பத்தொரு வருஷத்தில் தப்பியதில்லை. வாசல் வந்தது. கேட் வந்தது. ரோடு வந்தது. காஸ்தெலின் வாத்துகள்கூட வந்தன. யாரும் கூப்பிடவில்லை. காற்றில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது: கூப்பிட்டவன் எல்லாக் காலத்திலும் நான். எழுந்து போவது வாங்க வந்தவன் வேலை. இன்றைக்கு வாங்க வந்தவன் நான்தான். ஆனால் சரக்கு ஒரே கடையில்தான் இருக்கிறது. அந்தக் கடைக்காரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.

திரும்பிப் போனபோது பட்டாணி உரித்து முடித்திருந்தாள்.

“இப்ப வியாழன், ஞாயிறு ரெண்டும்” என்றாள். “முழுக் கொட்டகை. வேன் வெளிய, மரத்தடியில. தரையை நீயே பெருக்கித் தர்றே.”

“அநியாயம்.”

“நெவில், நீ ரோடு வரைக்கும் போயிட்டு வந்ததுக்கு விலை ஏறிடுச்சுப்பா.”

ஒத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டாள். மையை ஊதிக் காய வைத்து என்னிடம் தந்தாள்.

மதாம் வேர்னோல் கடையில் முதலில் போன்ஜூர் சொன்னேன். இரண்டு தடவை. வரிசையில் எனக்குப் பின்னால் ஆறு பேர். அந்தக் கனமான குரலில் அவள் கடிதத்தை எழுத்து விடாமல் வாசித்தாள். ‘பெவர்லி ஸ்டப்ஸ் ஆகிய நான், நெவில் ஸ்டப்ஸ் என்பவரை என் வீட்டில், மூன்று மாதத்துக்கு மேலாக, இலவசமாகத் தங்க வைத்திருக்கிறேன் என்று கௌரவத்தின் மீது உறுதி கூறுகிறேன்.’ நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். வாடகை எதுவும் வாங்குவதில்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். வரிசையில் இருந்த ஒரு கிழவர், அந்த அம்மாளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்.

வேன் பிழைத்தது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது புது நம்பரை நானே திருகி மாட்டினேன். பெருமையாகப் பெவர்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். ஊர் மன்றத்தில் இருபத்திரண்டு மடக்கு நாற்காலி கட்டி வைத்திருக்கிறார்கள், இப்போதே போய் ஏற்றிக்கொண்டு வந்துவிடு, அதோடு மதாம் வேர்னோலின் சின்ன ஆர்மோனியமும் இருக்கிறது என்றாள்.

“வேன் காயலான் கடைக்குன்னு சொன்னியே?”

“சொன்னேன். அதை விட்டா இருபத்திரண்டு நாற்காலியை நான் எதுல கொண்டு வருவேன்? நம்பர் வராம போயிடுமோன்னு உன்னைவிட எனக்குத்தான் பயம்.”

இப்போது வியாழனும் ஞாயிறும் கொட்டகையில் இருபத்திரண்டு பேர் பாடுகிறார்கள். நன்றாகத்தான் பாடுகிறார்கள், அதுதான் இன்னும் கோபம். நான் மரத்தடியில் வேனுக்குள் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஐயா, அடுத்த பதிப்பில் முப்பத்தேழாம் பக்கத்தைக் கிழித்தெறியும். ‘கணவன்மார்களே, ஒரு பில்லாவது, குப்பை அள்ளுகிற பில்லாவது, உங்கள் பெயரில் இருக்கட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போடும். எனக்கு மன்னிப்பும் எழுதி அனுப்பும். இந்த மாதத்துக்குள் வர வேண்டும். முகவரியை வண்டிப் பதிவு அட்டையில் இருக்கிறபடியே கீழே தருகிறேன், ஒரு எழுத்து விட்டாலும் தபால்காரர் கொடுக்க மாட்டார்:

நெவில் ஸ்டப்ஸ், திருமதி பெவர்லி ஸ்டப்ஸ் அவர்களின் வீட்டில்.