பிப்ரவரி முப்பது

தனசேகர் அன்று எழுதிய நிரலில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் சிக்கல். பிழை இல்லாவிட்டால் நதியா என்ன எழுதுவாள்? 'சரி' என்று ஒரு சொல். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பூம்பாறைக் குளிரில் ஒரு வாரம் ஓட்டுவது எப்படி?

ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு பலர் சேர்ந்து உருவாக்கும் கம்ப்யூட்டர் மொழி அது. அதன் லைப்ரரியில், அதாவது எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில், தேதிக் கணக்குப் பகுதிக்குத் தனசேகர் திருத்தம் செய்து அனுப்புவான். காரைக்குடியில் இருக்கும் நதியா பிழை பார்த்துச் சேர்ப்பாள். முகம் பார்த்ததில்லை. மற்றவர்கள் அனுப்பினால் இரண்டே நிமிடத்தில் குற்றம் குறை வந்துவிடுமாம். இவனுக்கு மட்டும் ஒரு நாள் ஆகும். மலைக்குச் சிக்னல் ஏறி வர நேரமாகும் போல என்று நினைத்துக்கொண்டு, பூண்டு வயல் மேட்டில் போனைப் பார்த்தபடி நிற்பான்.

ஆகவே, பிப்ரவரிக்கு முப்பது நாள் கொடுத்து அனுப்பினான்.

"உங்க ஊர்ல மட்டும் பிப்ரவரி நீளமோ?" என்று தொடங்கிப் பத்து வரி எழுதியிருந்தாள் நதியா. கடைசி வரியில், அங்கே மழையா என்று கேட்டிருந்தாள். தனசேகர் அதை எட்டு முறை படித்தான்.

அடுத்த வாரம் ஏப்ரலுக்கு முப்பத்தொன்று. பன்னிரண்டு வரி வந்தது. இப்படியே ஆறு மாதம் ஓடியது. ஆசை வெட்கம் அறியாது. ஒரு நாள், எல்லா நிரலையும் ஓடவைக்கும் கம்பைலரிலேயே கை வைத்து ஒரு வரியை அழித்து அனுப்பினான். அன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல். சரியாகப் பார்க்காமல் சேர்த்துவிட்டாள். மறுநாள் யாருடைய நிரலும் ஓடவில்லை.

குழுவின் பொறுப்பாளர் சுப்புராஜ், ஒட்டன்சத்திரத்துக்காரர். இனி தனசேகர் அனுப்புவதைத் தாமே பார்ப்பதாகவும், நதியா கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கட்டும் என்றும் எல்லோருக்கும் எழுதிவிட்டார்.

தனசேகர் அதைப் படித்தான். தன்னால் அவளுக்குக் கெட்ட பெயர். அதைவிட, அவள் எழுத்து வராத வாரங்களை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மேட்டில் ஏறிச் சுப்புராஜுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அவங்க மேல தப்பில்லைங்க. நாந்தான் ஆறு மாசமா வேணும்னே தப்பு வச்சு அனுப்புனேன். அவங்க எழுதுறதப் படிக்கணும்னு ஏக்கமா இருந்துச்சுங்க."

திட்டு வரும் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தான்.

"ஏலே," என்றார் சுப்புராஜ் மெதுவாக. "தப்பைப் புடிக்கத்தான் தானா ஓடுற சோதனை ஒண்ணு நம்மகிட்ட கெடக்கே. நீ வச்சதெல்லாம் அதுக்கு ரெண்டு நிமிச சோலி. ஆறு மாசமா உன் பேருக்கு மட்டும் அதை நிறுத்தி வச்சுட்டு, தானே உக்காந்து பாத்து உனக்கு எழுதியிருக்குலே அந்தப் புள்ள."