ஹார்மோன் குறைந்த அப்பா

"எந்த ஹார்மோன்ப்பா கம்மி?"

மகளின் கேள்விக்கு, போனைக் காதில் வைத்தபடி ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் தொண்டையைச் செருமினார். மனைவி போன பிறகு பேச்சுத்துணைக்கு ஈ காக்கை இல்லாத வீடு. ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அதான்மா... ஆம்பளைங்களுக்கு இருக்கிறது."

அவரைப்போல் இதயம் பலவீனமான ஆண்களுக்கு அது குறைந்தால் ஆயுளும் குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

மாதம் ஒருமுறை, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிற மகள், மறுநாள் காலை ஏழு மணிக்கே கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் லேப்காரப் பெண் பேசினாள். ரிப்போர்ட் ஆள் மாறிவிட்டதாம். அவருடைய அளவு சரியாகத்தான் இருக்கிறதாம்.

துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு போன் அடித்தபோது, உண்மை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

"மறுபடி டெஸ்ட் எடுத்தீங்களாப்பா? எவ்வளவு?"

"நூத்திப் பத்து," என்றார் வாய்க்கு வந்தபடி.

பாவம், பயப்படுகிறாளே என்று அடுத்த வாரம் இருநூறாக்கினார்.

"அப்பாடா! அப்ப இனிமே கவலையில்ல."

அவருக்குப் பகீரென்றது. காலை ஏழு மணி கையைவிட்டுப் போய்விடும் போலிருந்தது. மறுநாளே, "நேத்து திடீர்னு எண்பதுக்கு இறங்கிடுச்சும்மா," என்றார்.

"நேத்து ஞாயித்துக்கிழமையாச்சே, லேப் ஏது?"

"வீட்டுக்கே வந்து எடுத்தாங்க."

அந்தப் பக்கம் விக்கல் போல ஒரு சத்தம். அழுகிறாள் என்று நொந்துபோனார்.

"அப்படின்னா ரொம்ப சீரியஸ்தான். வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வரேன். பத்து நாள் இருப்பேன். அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைங்க."

பத்து நாள்! அவள் அறையைத் திறந்து, மெத்தையைத் தட்டி, தும்மித் தீர்த்த பிறகுதான் ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. மூச்சு வாங்க லேப்புக்கு நடந்தார்.

"ஒரு உதவிம்மா. எண்பதுன்னு ஒரு ரிப்போர்ட் அடிச்சுக் குடுக்க முடியுமா?"

"எதுக்கு சார்? நீங்கதான் நல்லா இருக்கீங்களே!"

"அது தெரிஞ்சா என் பொண்ணு வரமாட்டாம்மா."

லேப்காரப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவங்களுக்குத் தெரியுமே சார்! ரிப்போர்ட் மாறினதை உங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடியே, உங்க ஃபார்ம்ல இருந்த அவங்க நம்பருக்குத்தானே போன் பண்ணிச் சொன்னேன்."